நூறு மீட்டர் தள்ளி

திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள்தான், அவர்களுடைய வலைத்தளத்தைப் படித்தால். எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலை, ஒரு நீலத் துளி, 'கடலை நேசிக்கிறோம்' என்று ஒரு வரி. நான் முப்பத்தோரு வருஷம் சட்டை தைக்கும் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் மேஜையில் உட்கார்ந்தவள். இஸ்திரி போட்டு மினுக்கிய சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்க்காமல் ஒன்றைக்கூட நான் பாஸ் பண்ணியது கிடையாது. கம்பெனியில் எனக்கு 'ஊசிக்கண்' என்று பேர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார். இந்த ஊசிக்கண் மாப்பிள்ளை பார்க்கும்போது தன்னை மட்டும் எப்படித்தான் பாஸ் பண்ணியதோ என்பது அவருடைய நிரந்தர ஜோக். முப்பது வருஷமாக அதே ஜோக், அதே சிரிப்பு.

திமிங்கில ஆசை அவருடையது. அவர் பஸ் டிரைவர். முப்பத்து மூன்று வருஷம் ஒரே ரூட், ஒரு நாளைக்கு எட்டு நடை. ரிடையர் ஆன மறு வாரம் டிவியில் ஒரு திமிங்கிலம் தண்ணீரிலிருந்து எழும்பிச் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, தன் பஸ்ஸைவிடப் பெரிதாக ஒன்று தானாக நகர்வதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். எங்களுக்கு ஒரே மகள். அப்பா கேட்டால் நிலாவையே பார்சலில் வரவழைக்கப் பார்ப்பாள். உடனே செல்போனை எடுத்து இரண்டே நிமிஷத்தில் ஒரு பெரிய படகைக் கண்டுபிடித்தாள். நூற்றிருபது பேர் போகலாம், மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே ஒரு நர்ஸ், திமிங்கிலம் கண்டிப்பாக உண்டு. அமுக்கினால் டிக்கெட். நான்தான் அமுக்கவிடவில்லை.

காரணம், அவள் காட்டிய அதே செல்போனில் அடுத்தாற்போல் வந்த ஒரு வீடியோ. ஒரு தாய்த் திமிங்கிலமும் குட்டியும் நடுவில், சுற்றிலும் ஏழு படகுகள். தாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஒரு படகு. படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில்லா ஜீவனைச் சந்தியில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் சுற்றுலாவா? போனால் ஒழுங்காக நடத்துகிறவர்களோடு போவோம், இல்லையென்றால் டிவியிலேயே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஹாரன் அடித்துக்கொண்டே ஒருவன் பின்னால் வந்தால் தனக்கே எப்படி இருக்கும் என்று தெரியும், அது பிள்ளைத்தாய்ச்சியோ பெற்றவளோ, அதற்கு எப்படி இருக்கும் என்றார்.

ஒரு மாதம் தேடினேன். நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீசாகப் போன் போட்டேன். எத்தனை மீட்டர் தள்ளி நிறுத்துவீர்கள்? ஒரு திமிங்கிலத்தின் பக்கத்தில் ஒரே நேரத்தில் எத்தனை படகு? எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? அதுவாகக் கிட்டே வந்தால் என்ன செய்வீர்கள்? ஒன்றுமே வராமலும் போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவீர்களா? ஒருவன் கேரண்டி, மேடம், கேரண்டி என்று ஏலம் போட்டான். ஒருத்தி கையால் தொடலாம் என்றாள். ஒருவன், எத்தனை மீட்டர் என்று கேட்டதற்கு, மீட்டர் போட்டெல்லாம் ஓட்டுவதில்லை, ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகத்தான் என்றான். அவனை என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பெரிய படகுக்காரர்கள் மட்டும் எல்லாக் கேள்விக்கும் மணிமணியாகப் பதில் சொன்னார்கள். ஆனால் அவர்களோடு போய்வந்தவர்கள் போட்டிருந்த போட்டோக்களைப் பார்த்தேன். ஒன்றில் படகின் ஓரக் கம்பிக்கு நேர் கீழே திமிங்கிலத்தின் கண் தெரிந்தது. நூறு மீட்டர் தள்ளி நின்றால் கண் எப்படித் தெரியும்? அப்போதுதான் எனக்கு ஒரு வழி புரிந்தது. பாராட்டைப் படிக்கக் கூடாது, திட்டைத்தான் படிக்க வேண்டும். ஒரு சின்னப் படகுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒருவர் பொரிந்து தள்ளியிருந்தார். தூரத்திலேயே நிறுத்திவிட்டான், கெஞ்சியும் கிட்டே போகவில்லை, கடைசியில் அது கிட்டே வந்தபோது இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தான், இவனிடம் யாரும் போகாதீர்கள். நான் அன்றைக்கே அந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

எடுத்தது ஒரு பெண். படகோட்டியின் மனைவி, புக்கிங் அவள் பொறுப்பு. என் ஐந்து கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். திமிங்கிலம் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, போன வாரம் மூன்று நாள் வெறுங்கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்றாள். அதுவாகப் பக்கத்தில் வந்துவிட்டால் இன்ஜினை அணைத்துவிடுவார்கள், அது நூறு மீட்டர் தாண்டிப் போன பிறகுதான் திரும்பவும் போடுவார்கள். விதிகள் அச்சடித்த தாளைக் கேட்டேன், அனுப்பினாள். இரண்டு பக்கம். ஒரு வரி விடாமல் படித்தேன். இதற்கு முன்னால் யாரும் அந்தத் தாளைக் கேட்டதே இல்லையாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஐயாவுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா, எங்கள் படகு சின்னது, கரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள். அவர் கல்லு மாதிரி இருக்கிறார் என்றேன். பிரஷர் மாத்திரை ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது யார்தான் சாப்பிடவில்லை?

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கிளிக்ல முடியிற வேலைக்கு ஒரு மாசம். கடைசியில நர்ஸ் இருக்கிற படகை விட்டுட்டு ஓட்டைப் படகு. நீ ரிட்டயர் ஆகவே இல்லைம்மா." அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் பேசினார். உன் அம்மா பாஸ் பண்ணியது வீண்போகாது, அதற்கு நானே சாட்சி என்றார்.

படகு ஓட்டையெல்லாம் இல்லை. வெள்ளைப் பெயின்ட் அடித்து, மிதவை உடுப்புகளை வரிசையாக மாட்டி, துடைத்து வைத்தது போல இருந்தது. எங்களோடு நாலு பேர், ஒரு இளம் ஜோடியும் கேமராவும் கையுமாக இரண்டு சிநேகிதர்களும். அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பின்பெஞ்சில்தான் உட்காருவேன் என்றார், ஏனென்றால் படகோட்டி ஓட்டுவது அங்கே இருந்துதான் தெரியும். படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத ஆள். ஆனால் இவர் டிரைவர் என்று தெரிந்ததும் வாய் திறந்துவிட்டது. டீசல் எவ்வளவு குடிக்கிறது, வளைவில் எப்படி இழுக்கிறது, பிரேக்கே இல்லாமல் எப்படி நிறுத்துகிறீர்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு அதுகூடப் பிடித்திருந்தது. பொய் சொல்லாத கடல், பொய் சொல்லாத படகு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தூரத்தில் வெள்ளையாக ஒரு மூச்சு எழுந்தது, பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. படகோட்டி வேகத்தைக் குறைத்து, சொன்னபடி தள்ளியே நிறுத்தினார். முன்னால் இருந்தவர்கள் கிட்டே போகச் சொன்னார்கள். அவர் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். சிறிது நேரத்தில் அவை தாமாகவே எங்களை நோக்கி வந்தன. இன்ஜினை அணைத்தார்.

அந்த மாதிரி நிசப்தத்தை நான் அறிந்ததில்லை. முப்பத்தோரு வருஷம் முந்நூறு தையல் மிஷினுக்கு நடுவில் இருந்தவள் நான். தாய் சற்றுத் தள்ளி நின்றுகொண்டது, முதுகு மட்டும் தெரிந்தது. குட்டிதான் படகின் பின்பக்கம் வந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம், இன்ஜின் விசிறி இருக்கும் பக்கம். குட்டி என்பது பேச்சுக்கு, ஒரு மினி பஸ் அளவு இருந்தது. என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "பார்த்தியா, பார்த்தியா" என்று இரண்டு தடவை சொன்னார்.

எவ்வளவு நேரம் கழித்து என்று எனக்குத் தெரியவில்லை, அவர் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "போலாமா?" என்றார்.

இருங்க, குட்டி இங்கேயே இருக்கு என்றேன். வாயு மாதிரி இருக்கிறது என்றார். அவருக்கு வாயு அடிக்கடி வரும், ஏப்பம் விட்டால் போய்விடும். நான் மறுபடி தண்ணீரைப் பார்த்தேன்.

படகோட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம், "அம்மா, சார் முகம் சரியில்லை. ஸ்டார்ட் பண்ணிடவா?" என்றார். அவர் கை சாவியில் இருந்தது.

"வேணாம்" என்றேன். "குட்டி விசிறிகிட்ட இருக்கு. இவருக்கு வர்ற வாயுதான், எனக்குத் தெரியும்."

படகோட்டி கையை எடுத்துவிட்டார்.

அப்போது என் மனசில் என்ன இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவரையாவது பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கினவள் நான். ஒரு தையல் கோணல், ஒரு பொத்தான் லூஸ், எப்போதும் ஏதாவது ஒன்று. இதோ ஒரு படகு, ஒரு குறையும் இல்லாமல், எழுதிய விதியை எழுதியபடி செய்துகொண்டிருக்கிறது. அதை நான் தேடிக் கண்டுபிடித்தேன். இந்த நேரம் பார்த்து இவருக்கு வாயு. இதுதான் நான் நினைத்தது.

பிறகு என் வீட்டுக்காரர் என் சேலை முந்தானையை இழுத்து, ரொம்ப மெதுவாக, தவறான பஸ்ஸில் ஏறிவிட்ட ஆள் கேட்கிற மாதிரி, மறுபடி "போலாமா?" என்றார். நான் திரும்பக்கூட இல்லை. "ஏங்க, கொஞ்ச நேரம்தானே" என்றேன்.

முன்னால் இருந்த நாலு பேரும் தாயைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் அவர்கள் காதில் விழவில்லை.

அவர் என் மேல் சாய்ந்தபோது தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். படகோட்டி கத்தினார், சாவியைத் திருகினார். அந்த ஜோடியில் இருந்த பையன் ஓடிவந்து அவரைப் பலகையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினான். படகு துள்ளிக்கொண்டு கிளம்பியது. அப்போதும் என் கண் தண்ணீரில் குட்டி எங்கே என்று தேடியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கணம்தான், ஆனால் தேடியது.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்கு வேலை இருக்கவில்லை.

இன்ஜின் அணைந்தது பத்து பன்னிரண்டு, மறுபடி போட்டது பத்து முப்பத்தொன்று என்று படகோட்டி தன் நோட்டில் எழுதியிருந்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பத்தொன்பது நிமிஷம். ஆஸ்பத்திரியில் மகள் டாக்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள், இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். மகள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். துறைமுக ஆபீசில் படகோட்டி மேல் புகார் கொடுத்தாள். நெஞ்சுவலி வந்த மனுஷனை வைத்துக்கொண்டு பத்தொன்பது நிமிஷம் மீனுக்காகக் காத்திருந்தான் என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியும் என் மேல்தான் விழுந்தது, ஆனால் அதில் இருந்தது அந்த ஆளுடைய பேர்.

முதல் விசாரணையில் படகோட்டி ஒரே வரி சொன்னாராம்: படகில் முடிவெடுக்கிறவன் நான், நான் ஸ்டார்ட் பண்ணவில்லை. என்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் வீட்டில் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், மகள் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அவனைச் சும்மா விட மாட்டேன்மா. உன்னையும் தனியா விட மாட்டேன். என்கூட வந்துடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மடி எனக்கு வேண்டியிருந்தது. அவர் போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தால் அவளும் போய்விடுவாள், திறக்காவிட்டால் அந்தப் படகோட்டியின் பிழைப்பு போய்விடும். இதை ராத்திரி பகல் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய். எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன். பீரோவை ஒழித்தேன், ஜன்னல் கம்பியைத் துடைத்தேன், அவருடைய சட்டைகளில் தளர்ந்த பொத்தான்களை எல்லாம் தைத்தேன். யாருக்காகத் தைக்கிறேன் என்று பாதியில் நினைவு வந்தது. நிறுத்தவில்லை, தைத்து முடித்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். முன்பின் பார்க்காத ஒரு பெண், கையில் துணிப்பை. குரலைக் கேட்டதும்தான் அடையாளம் தெரிந்தது, புக்கிங் பெண். எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்த மகள் வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடி படகில் பலகைக்கு அடியில் கிடந்ததாம், துடைத்து ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

லைசென்ஸ் போகப்போகிறது, அதற்காக வரவில்லை என்றாள். அவள் புருஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை, படகுத்துறைப் பக்கமே போவதில்லை. கேட்டால், ஸ்டார்ட் பண்ணியிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அன்றைக்குப் படகில் நான் சொன்னது இவளுக்குக்கூடத் தெரியவில்லை. கட்டிய பெண்டாட்டியிடம்கூட அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு விசாரிச்சு, நம்பி எங்ககிட்ட வந்தீங்க. எங்களை மன்னிச்சிடுங்க அம்மா" என்றாள். அழுதாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பரவாயில்லை, போங்க என்றேன். என் வாயால் அவளை மன்னித்து அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, அந்த மூக்குக்கண்ணாடியைக் காகிதத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். திருட்டைச் செய்துவிட்டு, பறிகொடுத்தவனையே மன்னிப்புக் கேட்க வைக்கிற பிறவி ஒன்று உண்டென்றால் அது நான்தான். இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது விசாரணை நாலு நாள் கழித்து. நானும் வருகிறேன் என்று மகளிடம் சொன்னேன். என்னைத் தெம்பாகப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம், அன்றைக்கே என் பெட்டியைக் கட்டி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

துறைமுக ஆபீஸ் மாடியில் இருந்தது. நீள அறை, சுவரோரம் கட்டுக்கட்டாகக் கோப்புகள், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய விசிட்டிங் கார்டுகள். அதிகாரிக்கு ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாக இருந்தார். படகோட்டி சுவரோர நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில். மகள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. அதிகாரி என்னிடம் உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒப்புக்குக் கேட்டார்.

சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு வந்ததை ஒப்பிப்பது போலச் சொன்னேன், இல்லாவிட்டால் பாதியில் நின்றிருப்பேன். அவருக்குப் பிரஷர் மாத்திரை இருந்தது, புக்கிங்கில் கேட்டபோது சொல்லவில்லை. படகோட்டி ஸ்டார்ட் பண்ணவா என்று கேட்டார், சாவியில் கை வைத்திருந்தார். வேண்டாம் என்று சொன்னது நான். வாயுதான் என்று சொன்னதும் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் டைப் செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலி ஒரு தடவை தரையில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் புரட்டினார். கோபப்படவில்லை. ஏதோ சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல, "நீங்க சொல்றது சரிம்மா. ஆனா பயணி ஆயிரம் சொல்லலாம். பொறுப்பு படகோட்டிக்குத்தான். மனுஷ உயிருக்கு ஆபத்துன்னா இந்த நூறு மீட்டர் விதியெல்லாம் கிடையாது, மெதுவா ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பலாம். அது விதித் தாள்லயே இருக்கு, ரெண்டாம் பக்கம், கடைசி வரி" என்றார்.

இருக்கிறது. ஒரு வரி விடாமல் படித்தவள்தானே நான். அந்தக் கடைசி வரியையும் படித்திருந்தேன். நமக்குத் தேவைப்படாத வரி என்று தாண்டிப் போயிருந்தேன்.

லைசென்ஸ் ரத்து என்று எழுதினார்கள். நான் சொன்னது தனியாக ஒரு தாளில் டைப் ஆகி, கையெழுத்து வாங்கப்பட்டு, கோப்பில் சேர்ந்தது. அதனால் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மாடிப்படி முனையில் படகோட்டியைப் பிடித்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, மன்னியுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"சாரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா" என்றார். "எங்க அண்ணன் அப்படித்தான் வேர்த்துப் போய்ச் செத்தான். தெரிஞ்சும் நின்னேன். கிட்ட போ, கிட்ட போன்னு கத்துறவங்களையே இருபது வருஷமா ஏத்திட்டுப் போறேன். வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீங்க. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. அதான் நின்னேன்." படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். பாவம், பொண்ணு" என்று இறங்கிப் போனார்.

மகள் காரில் இருந்தாள். முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் சாவியைப் போடவில்லை, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது, இரண்டு பேர் இறங்கி ஐஸ் பெட்டிகளை இறக்கினார்கள். கடைசிப் பெட்டியும் இறங்கிய பிறகுதான் அவள் பேசினாள்.

"அப்பா என்ன சொன்னார்?"

அதிகாரி கேட்காத கேள்வி. நானும் அங்கே அதைச் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, குட்டியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவளுக்கு ஓர் ஆறுதலாவது மிஞ்சும், எனக்கு ஒருவேளை அவளே மிஞ்சுவாள். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். நெற்றி, புருவம், எல்லாம் அவர்தான்.

"போலாமான்னு கேட்டார்" என்றேன். "நான் இருங்கன்னு சொன்னேன்."

அவள் தலையசைத்தாள், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டதைப் போல. என் மகள் அல்லவா, அதோடு விடவில்லை.

"எத்தனை தடவை கேட்டார்?"

"ரெண்டு தடவை."

வண்டியை எடுத்தாள். அவள் வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது, திரும்பாமல் நேராகப் போனாள். என் வீட்டு வாசலில் நிறுத்தினாள். என் பெட்டியும் மாத்திரைப் பையும் இன்னும் அவள் வீட்டில்தான் இருந்தன, கொடுத்தனுப்புகிறேன் என்றாள். இன்ஜினை அணைக்கவில்லை. நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.